பல் பிடுங்கிய குழிக்குக் கிராம்பும் மஞ்சளும் போதுமா?

தாமரைக்குளம்:

அப்பாவுக்கு வயது 54. இன்று காலை 11 மணிக்குக் கீழ் வலது கடைசிப் பல்லை, அதாவது ஞானப்பல்லை, பிடுங்கியாச்சு. எலும்பு வெட்டவில்லை, தையல் போடவில்லை. அந்தப் பல்லைச் சுற்றி ஈறு அடிக்கடி வீங்கிக்கொண்டே இருந்தது, பல்லும் ஆட ஆரம்பித்துவிட்டது. பிடுங்கும்போது சீழ், காய்ச்சல், முக வீக்கம் எதுவும் கிடையாது.

சீட்டில் இருப்பது: அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 இரண்டு வேளை, மெட்ரோனிடசோல் 400 மூன்று வேளை, அசிக்ளோஃபெனாக்-பாராசிட்டமால் இரண்டு வேளை, பான்டோப்ரசோல் 40 காலையில். எல்லாம் 5 நாளுக்கு.

பிபிக்கு அம்லோடிபின் 5 போடுகிறார். சர்க்கரை இல்லை. மூன்று வருடம் முன்னால் வயிற்றுப்புண் வந்து எண்டோஸ்கோப்பி வரை போனது. நாளைக்கு நாலு சிகரெட். இப்போது "இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், கிராம்பு இருக்கு, மஞ்சள் இருக்கு" என்று ஒரே பிடிவாதம். வீட்டிலும் ஆளுக்கொரு யோசனை. அதனால் கேட்கிறேன்:

1. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைக்கலாமா?
2. மஞ்சள் பொடி அப்பலாமா?
3. உப்புத் தண்ணீர் இன்றைக்கே கொப்பளிக்கலாமா?
4. ஆன்டிபயாடிக், வலி மாத்திரை இரண்டையும் விட்டுவிட்டு மூலிகையோடு சமாளிக்க முடியுமா?

---

வேப்பங்குச்சி:

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மாவா சொன்னார்கள். கிராம்புத் தைலம் ரெண்டு சொட்டு வையுங்கள், வலி பறந்துவிடும். காலையில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி வாயில் விட்டு 15 நிமிடம் கொப்பளிக்கட்டும். வலி தாங்கவில்லை என்றால் கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கச் சொல்லுங்கள். மாத்திரை எதற்கு?

---

பல்லவன் (பல் மருத்துவர்):

வேப்பங்குச்சி சொன்ன மூன்றும் பல் இருக்கும் வாய்க்குச் சொல்லும் வழிகள். பல் போன குழிக்கு மூன்றுமே கேடு. ஏன் என்று சொல்லிவிட்டுக் கேள்விகளுக்கு வருகிறேன்.

பிடுங்கிய சில நிமிடங்களில் குழி முழுக்க ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அடியில் திறந்து கிடக்கும் எலும்புக்கு அதுதான் மூடி. அது நின்றால்தான் அதன்மேல் புதுச்சதை வளரும். முதல் 24 மணி நேரத்தில் அது ஜெல்லி மாதிரி இருக்கும். வேகமாகக் கொப்பளித்தாலோ, காறித் துப்பினாலோ, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலோ கழன்று வந்துவிடும். பிறகு எலும்பு வெளியே தெரியும். அதைத்தான் ட்ரை சாக்கெட் என்கிறோம். சாதாரணமாகப் பல் பிடுங்குகிறவர்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வரும். கீழ் ஞானப்பல் என்றால் இன்னும் அதிகம், புகை பிடிப்பவர் என்றால் அதற்கும் மேல். உங்கள் அப்பா இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்.

இப்போது பாருங்கள். ஆயில் புல்லிங் என்பது 15 நிமிடம் விடாமல் வாயை உறிஞ்சி அலசுவது. கண்டங்கத்திரிப் புகை என்பது உறிஞ்சல், சூடு, புகை மூன்றும் சேர்ந்தது. சிகரெட்டுக்கும் அதற்கும் குழியைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை.

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். சொத்தைப்பல் ஓட்டைக்குள் ஒரு சொட்டுப் பஞ்சில் வைத்தால் நரம்பை மரக்கச் செய்யும், அது உண்மை. ஆனால் பச்சைப் புண்ணில் நேராகப் பட்டால் சதை வெந்து வெள்ளையாக உரியும். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதையும் அது குறைக்கும், நாம் கட்டி நிற்க வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தில். ட்ரை சாக்கெட் வந்த பிறகு நாங்களே யூஜினால் கலந்த மருந்துத் திரியைக் குழியில் வைப்போம். ஆனால் அதில் அளவு உண்டு, சலைனால் கழுவிவிட்டு வைப்போம், இரண்டு மூன்று நாளில் எடுத்து மாற்றுவோம். கடையில் வாங்கிய தைலப் பாட்டிலும் அதுவும் ஒன்றல்ல. இன்னொன்று, அந்தப் பாட்டில் வீட்டில் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். 5 முதல் 10 மி.லி. விழுங்கிய சின்னக் குழந்தைகளுக்கு ஈரல் கெட்டுப் போயிருக்கிறது.

மஞ்சள் பொடி: தோலில் வெட்டுக்காயத்துக்கு அப்பினால் அடுத்த நாள் கழுவிவிடலாம். குழிக்குள் அப்பினால் எப்படிக் கழுவுவீர்கள்? பொடி அடியில் தங்கி, கட்டியோடு சேர்ந்து குழைந்து, உணவுத் துணுக்கு மாதிரியே அழுகும். பிறகு நாங்கள் பார்க்கும்போது மஞ்சள் எது, சீழ் எது என்றும் தெரியாது.

உப்புத் தண்ணீர் இன்றைக்குக் கிடையாது. நாளை காலை 11 மணிக்கு மேல் தொடங்குங்கள். 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. சுவை பார்த்தால் கண்ணீர் அளவுக்குக் கரிக்க வேண்டும், கடல் அளவுக்கு அல்ல. உப்பு கூடினால் புண் எரியும், அவ்வளவுதான், சீக்கிரம் ஆறிவிடாது. வாயில் எடுத்துத் தலையை அந்தப் பக்கம் சாய்த்து, அரை நிமிடம் நிறுத்தி, மறுபக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாஷ் பேசினில் தானாக விழ விட வேண்டும். துப்பக் கூடாது. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், படுக்கும் முன்பும், ஒரு வாரம்.

இன்று இரவு எச்சிலில் சிவப்பு கலந்து வரும். ஒரு சொட்டு ரத்தம் வாய் எச்சிலில் கலந்தால் ஒரு டம்ளர் மாதிரித் தெரியும், பயப்பட வேண்டாம். கெட்டியாக ரத்தமே ஊறினால் சுத்தமான காஸ் துணியை ஈரமாக்கி மடித்துக் குழியின் மேல் வைத்து 30 நிமிடம் அழுத்திக் கடிக்கட்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. மூலிகை வேண்டும் என்று அவர் கேட்டால் இந்த இடத்தில் ஒன்று இருக்கிறது: தேயிலைப் பை. வெந்நீரில் முக்கி, பிழிந்து, ஆற வைத்து, காஸுக்குப் பதிலாகக் கடிக்கலாம். தேயிலையில் இருக்கும் டானின் துவர்ப்பு ரத்தத்தைக் கட்டும். இரண்டு தடவை இப்படி அழுத்தியும் நிற்கவில்லை என்றால் எடுத்த இடத்துக்கோ அவசரப் பிரிவுக்கோ போய்விடுங்கள்.

கன்னத்தின் வெளியே, துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுத்து, இன்று முழுக்க. இரவு இரண்டு தலையணை வைத்துத் தலை உயர்த்திப் படுத்தால் விண்விண் என்பது பாதி குறையும்.

நாலாவது கேள்விக்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். வயிற்றுப்புண் வந்ததைப் பல் டாக்டரிடம் சொன்னீர்களா?

---

தாமரைக்குளம்:

இல்லை டாக்டர். பிபி மட்டும் கேட்டார்கள், அதைச் சொன்னோம்.

---

பல்லவன் (பல் மருத்துவர்):

அப்படியென்றால் சீட்டில் நீங்கள் பயப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்கைப் பார்த்து அல்ல, வலி மாத்திரையைப் பார்த்து. அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக், இபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். பழைய வயிற்றுப்புண்ணைக் கிளறி ரத்தம் வர வைக்கக்கூடியவை, பிபியையும் ஏற்றும். பான்டோப்ரசோல் போட்டால் ஆபத்து குறையும், முற்றிலும் போகாது. இன்றே போன் போட்டு அல்சர் விஷயத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாராசிட்டமால் மட்டும் போதும் என்று மாற்றித் தருவார்கள். வெட்டாமல் எடுத்த பல்லுக்கு அது பெரும்பாலும் போதும். முதல் மாத்திரையை மரப்பு முழுவதும் தெளிவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். வலி ஏறிய பிறகு துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா எதுவும் இல்லாதவர்களுக்குக் கதை வேறு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், பல் பிடுங்கிய வலிக்கு முதலிடம் இபுப்ரோஃபென் வகைக்குத்தான். தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ. போதை வகை வலி நிவாரணி தேவைப்படுவது அபூர்வம்.

ஆன்டிபயாடிக்: ஆரோக்கியமான ஆட்களுக்கு ஞானப்பல் எடுத்த பிறகு கிருமித் தொற்று வராமல் தடுக்க இது எவ்வளவு உதவும் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2021ல் பார்த்தது. 19 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தொற்று தடுக்கப்படும், மற்ற 18 பேருக்கும் பலன் இல்லை, வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரும் வாய்ப்பு மட்டும் மிச்சம். அதனால் "ஆன்டிபயாடிக்குக்குப் பதில் என்ன மூலிகை" என்ற கேள்விக்கு நிறையப் பேர் விஷயத்தில் பதில், பதிலே தேவையில்லை என்பதுதான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஈறு அடிக்கடி வீங்கியிருக்கிறது, வாயைப் பார்த்தவர் பல் எடுத்த டாக்டர். நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே போனில் "இது கட்டாயம் வேண்டுமா, எத்தனை நாள்" என்று நேராகக் கேளுங்கள்.

செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்ளுறையில் தொற்று வந்தவர்கள் இந்தப் பதிலைப் படித்துவிட்டு ஆன்டிபயாடிக்கை விட்டுவிட வேண்டாம். அவர்களுக்குப் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன் ஒரே டோஸாகக் கொடுப்பது. அதற்கு ஈடான மூலிகை கிடையாது.

---

கடுக்காய் (சித்த மருத்துவர்):

பல்லவன் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. சித்த மருத்துவத்திலும் பச்சைப் புண்ணில் காரமான தைலத்தைக் கொட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூலிகைக்கு இடம் உண்டு, நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நாலாம் நாளுக்கு முன் எந்தக் குடிநீரும், அதாவது மூலிகைக் கஷாயமும், குழிப் பக்கம் போகக் கூடாது என்பதை மட்டும் அப்பாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

நாலாம் நாள் முதல் திரிபலா குடிநீர். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சூரணம் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு டம்ளர், பாதியாகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்சுங்கள். எல்லோரும் தப்புப் பண்ணுவது அடுத்த படியில். டீ வடிகட்டியில் வடித்தால் போதாது, மண்டி வந்துவிடும், அது குழிக்குள் போய் உட்காரும். வேட்டித் துணியை நாலாக மடித்து இரண்டு முறை வடியுங்கள். அரை மணி நேரம் அசையாமல் வைத்து மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுங்கள். வெதுவெதுப்பாக, பல்லவன் சொன்ன அதே முறையில் வாயில் நிறுத்திச் சாய்த்து விழ விடுங்கள், காலை இரவு இரண்டு வேளை. அன்றன்று காய்ச்ச வேண்டும். நேற்றையது புளித்துப் போகும். துவர்ப்பு ஈறைச் சுருக்கும், வாய் நாற்றத்தைக் குறைக்கும். ஈறு வீக்கத்திலும் பல்லில் படியும் அழுக்கிலும் திரிபலா நன்றாகவே வேலை செய்கிறது. குழிக்குள் வந்துவிட்ட சீழை அது அடக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

சூரணம் இல்லையா, கொய்யாவின் இளம் இலை ஐந்தாறு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டட்டும். அதுவும் துவர்ப்புதான். கிராம்பு ஆசை விடவில்லை என்றால் மூன்று கிராம்பை ஒரு டம்ளர் கொதிநீரில் 10 நிமிடம் மூடி வைத்து, ஆற்றி, அதே நாலாம் நாளுக்குப் பிறகு. தைலத்தில் இருக்கும் வீரியத்தில் சிறு பங்குதான் அதில் இறங்கும், அதனால் சுடாது.

படிகாரம் வேண்டாம். சலூனில் கீறலுக்குத் தேய்ப்பது போலக் குழியில் பொடியைத் தூவுகிறவர்கள் உண்டு. சதை வெந்து சாம்பல் நிறமாகும். வேப்பங்குச்சியும் அந்தப் பக்கம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம், நார் சிக்கும். (நண்பர் பெயரைச் சொல்லவில்லை.)

உள்ளுக்கு: மஞ்சள் பால் நாளை முதல் தாராளமாகக் குடிக்கட்டும், கால் தேக்கரண்டி மஞ்சள், ஆறிய பிறகு, டம்ளரில் இருந்து, ஸ்ட்ரா இல்லாமல். வலி மாத்திரை அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள், மஞ்சளின் சத்து குடலில் மிகக் குறைவாகத்தான் ஏறும். ஆனால் சாப்பிட முடியாத நாளில் பால் வயிற்றுக்குப் போகிறதே, அதுவே நல்லது. சுக்கு பற்றியும் கேட்பீர்கள். ஞானப்பல் எடுத்தவர்களுக்கு 500 மி.கி. இஞ்சிப் பொடி கொடுத்து இபுப்ரோஃபெனோடு ஒப்பிட்ட சோதனை 2017ல் வந்தது, கிட்டத்தட்ட நிகராக வந்தது. சிறிய சோதனை. அல்சர் வந்த வயிற்றுக்கு, வெறும் வயிற்றில் காரமான சுக்குக் கஷாயம் நான் கொடுக்கமாட்டேன்.

சாப்பாட்டில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை: தாளிப்பு. மோர் சாதம், ரசம் சாதம் நன்றாகக் குழைத்து ஆற வைத்துக் கொடுங்கள், ஆனால் கடுகு போடாமல். கடுகு, எள், மிளகுத் தோல், ரவை எல்லாம் அந்தக் குழிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். இட்லியை மோரில் கரைத்தது, ஆறிய கேழ்வரகுக் கூழ், நன்கு மசித்த பருப்பு சரி. வெற்றிலை பாக்கு கூடாது.

---

மாத்திரைக்கடை (மருந்தாளுநர்):

கணக்கு மட்டும் சொல்றேன், இதுலதான் ஜனங்க ஏமாறுறாங்க.

அசிக்ளோஃபெனாக்-பாராசிட்டமால் மாத்திரையில ஏற்கெனவே 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கு. அது பத்தலைன்னு மேல பாராசிட்டமால் 650 போடுவாங்க, ராத்திரி காய்ச்சல் மாதிரி இருக்குன்னு சளி மாத்திரை ஒண்ணு, அதுலயும் 500 இருக்கும். பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துக்கு மொத்தம் 4000 மி.கி. தாண்டக் கூடாது. குடிப்பழக்கம், ஈரல் கோளாறு இருந்தா அதுக்கும் ரொம்பக் குறைவு. டாக்டர் பாராசிட்டமால் தனியா மாத்திக் கொடுத்தா 650 ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, நாளைக்கு நாலு, 2600. அதுல நின்னுக்கணும். முதல் ரெண்டு நாள் வலி வந்தா போடலாம்னு காத்திருக்காம நேரத்துக்குப் போட்டா மூணாம் நாள்ல தேவையே இருக்காது.

அமாக்சிசிலின்-கிளாவுலனேட் தொடரச் சொன்னா சாப்பாடு ஆரம்பிக்கும்போது போடணும், வயித்துப்போக்கு குறையும். பால் கூட வரலாம், பிரச்சினை இல்ல. மஞ்சள் பாலோட சேரக் கூடாதுன்னு கேள்விப்பட்டது டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துங்களுக்கு. மெட்ரோனிடசோல் போடுற நாள்லயும் முடிஞ்ச பிறகு மூணு நாளும் மது ஆகாது. நாக்குல உலோக ருசி வரும், அது மருந்தால வர்றது, பயப்பட வேண்டாம். பென்சிலின் அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லணும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் 0.2 சதவீதம் ட்ரை சாக்கெட்டைக் குறைக்குது, டாக்டர்கிட்ட கேட்டு நாளையிலேர்ந்து 10 மி.லி. வச்சுக்கலாம். பேஸ்ட் போட்டுப் பல் தேய்ச்ச உடனே விடாதீங்க, அரை மணி நேரம் இடைவெளி வேணும், பேஸ்ட்ல இருக்கிற நுரை மருந்தைச் செத்துப் போக வச்சிடும். பத்து நாளுக்கு மேல போனா பல் பழுப்பாகும்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க யாராவது இதைப் படிச்சா: பூண்டு கேப்ஸ்யூல், கின்கோ, அதிக டோஸ் மஞ்சள் கேப்ஸ்யூல் எல்லாம் ரத்தப்போக்கைக் கூட்டும், பல் எடுக்க நாள் குறிச்சதுமே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் இதையெல்லாம் பல்லுக்காக நீங்களா நிறுத்தாதீங்க. சமையல்ல போடுற மஞ்சள், பூண்டுக்கு இது பொருந்தாது.

பேர் இல்லாத பொட்டலத்துல "மூலிகை வலிப் பொடி"ன்னு வர்றதைத் தொடவே தொடாதீங்க. ஒரு மணி நேரத்துல வலி போச்சுன்னா அதுல டைக்ளோஃபெனாக்கோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம், அப்படிப்பட்ட பொடி சோதனையில பலமுறை சிக்கியிருக்கு. அல்சர்காரர் அதைச் சாப்பிட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

---

தாமரைக்குளம்:

மூன்றாம் நாள் நிலவரம். வலி மாத்திரையைப் பாராசிட்டமாலாக மாற்றிவிட்டார்கள், மெட்ரோனிடசோலை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், மற்றது 5 நாள் முடிக்கச் சொன்னார்கள். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. சிகரெட் முதல் நாள் ஒன்று பிடித்தார், அப்புறம் இல்லை. இன்று டார்ச் அடித்துப் பார்த்தால் குழியில் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ படலம். சீழா? ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளியும் தெரிகிறது. கடுகு என்று சந்தேகம். பல்குத்தும் குச்சியால் எடுக்கட்டுமா என்கிறார்.

---

பல்லவன் (பல் மருத்துவர்):

குச்சியைப் பிடுங்கி வையுங்கள்.

படலம் சீழ் அல்ல, ஃபைப்ரின். கைக்காயத்தில் பொருக்கு கட்டுவது போல, ஈரமான வாய்க்குள் அது வெள்ளை மஞ்சளாகக் கட்டும். சீழ் என்றால் அழுத்தினால் வழியும், வாயில் உப்பாகவும் கெட்ட ருசியாகவும் இருக்கும், வீக்கம் குறையாமல் கூடும். சாதாரண வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வந்து இறங்கும். நாலாம் நாளில் ஏறினால் அது வேறு.

ட்ரை சாக்கெட்டின் குணம், குறைந்த வலி திரும்பி வருவது. இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் வலி புதிதாக எழும்பி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இழுக்கும், மாத்திரைக்கு அடங்காது, வாய் நாறும், குழியைப் பார்த்தால் காலியாக, சாம்பல் வெள்ளையில் எலும்பு தெரியும். அப்படி வந்தால் ஆன்டிபயாடிக்காலும் போகாது, மூலிகையாலும் போகாது. கழுவித் திரி வைத்தால் அன்றைக்கே அடங்கும். ஒரு சிகரெட் பிடித்திருக்கிறார் என்பதால் இன்னும் இரண்டு நாள் கவனியுங்கள்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காதது, தாடைக்கு அடியில் கல் போல வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கும் சிரமமும் மூச்சுத் திணறலும் கழுத்துக்கு இறங்கிய தொற்று. உயிருக்கே ஆபத்து.

கடுகு விஷயம்: இன்றைக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை அந்தப் பக்கம் நிறுத்தி மெதுவாக நாலைந்து முறை சாயுங்கள், வந்தால் வரட்டும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், வலி இல்லாதவரை அது அங்கேயே இரண்டு நாள் இருப்பதால் ஒன்றும் ஆகாது. ஆறாம் நாளிலிருந்து 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, உப்புத் தண்ணீர் நிரப்பி, முனையைக் குழிக்குள் திணிக்காமல் விளிம்பில் வைத்து, பிஸ்டனை மெதுவாக அழுத்துங்கள். தண்ணீர் சுழன்று வெளியே வரும்போது தங்கினதெல்லாம் கூட வரும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், ஈறு மேலே மூடும்வரை, மூன்று நாலு வாரம்.

---

கடுக்காய் (சித்த மருத்துவர்):

நாளைக்கு நாலாம் நாள். திரிபலாவைக் காய்ச்சலாம். ரசத்தில் கடுகு போட்டது யார் என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளுங்கள்.